சுமாவும் அவள் ஓட்டிய கண்டெய்னரும்

எறணாகுளத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சுமா வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை அவளுடைய ஷிஃப்ட். வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுத்து, கேட்கிறவர் சொல்லும் வார்டுக்கோ டாக்டருக்கோ இணைத்துக் கொடுக்க வேண்டும். முந்நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன் எண்களும் அவளுக்கு மனப்பாடம். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காகப் படித்ததல்ல. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் அச்சுப் பட்டியலை அவளால் பார்க்க முடியாது.

பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். இருபத்திரண்டு வயதில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் மிஞ்சியது. இப்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று. அப்பா பாண்டியராஜன் மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர். இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா ராமாத்தாள் மாநகராட்சியில் துப்புரவுப் பணியாளர். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கத்துத் தெருக்களைக் காலையில் பெருக்கிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். பஜார் ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. வீட்டில் பேசுவது தமிழ். சுமா எழுதப் படிக்கக் கற்றதெல்லாம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்.

சென்ற வருடம் ஜூலையில் மருத்துவமனையில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய கட்டடம் திறக்கப் போகிறார்கள், எக்ஸ்சேஞ்சை மாற்றுகிறார்கள், செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து மூன்று இலக்க எண்கள் எல்லாம் நாலு இலக்கமாகும். புதிய பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார்கள், தாளைப் படம் பிடித்து. சுமாவின் போனில் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. அது "படம்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியிலும் போட்டுப் பார்த்தாள். வார்டின் பெயரெல்லாம் முதலில், எண்களெல்லாம் கடைசியில் என்று கலந்து வந்தது.

மதிய ஷிஃப்ட் ஆப்பரேட்டர் தன்யா, தினம் கொஞ்சமாக வாசித்துச் சொல்கிறேன் என்றாள். ஆனால் ஒரு மாதத்தில் முந்நூற்று நாற்பது புதிய எண்கள் மனதில் ஏறுமா என்று சுமாவுக்கே சந்தேகம். பழைய எண்கள் வேறு நடுவில் வந்து குழப்பின. ஐ.சி.யூ. என்றதும் விரல் பழைய மூன்று இலக்கத்தைத் தட்டிவிட்டு நின்றது.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பார்வையற்ற நண்பர்கள் சிலர் போனிலேயே நடத்திய வகுப்பில் பைதான் என்ற நிரல்மொழியைக் கொஞ்சம் கற்றிருந்தாள். வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். வார்டு பெயரில் மூன்று எழுத்து அடித்தால் போதும். பொருந்தும் பெயரும் எண்ணும் வந்துவிடும், மென்பொருள் குரலில் சொல்லிவிடும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்து ஐ.டி. அறைக்குப் போனாள்.

அங்கே இருந்தவர் கோவிந்த். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். இடப்பள்ளியில் ஃப்ளாட் வாங்கி எட்டு வருடம். சுமா போனை வைத்துவிட்டுத் தமிழில் முணுமுணுத்ததை ஒருநாள் கேட்டதிலிருந்து இருவரும் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேருடைய தமிழும் ஒரே மாதிரி இருக்காது.

கோவிந்த் புரோகிராமை எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"இந்த மெஷின்ல இது ஓடாது, கேட்டேளா. விசிட்டர் பாஸ் அடிக்கற சாஃப்ட்வேரும் இதுலதான் இருக்கு. அதுக்குப் பழைய பைதான் வேணும், உங்களோடதுக்குப் புதுசு வேணும். புதுசைப் போட்டா பாஸ் நின்னுடும். அப்புறம் கேட்ல நிக்கற கூட்டம் பூரா இங்க வந்துடும்."

"பின்னே என்ன சார் பண்ணுறது?"

"கண்டெய்னர்ல போடலாம். அதாவது உங்க புரோகிராம், அதுக்கு வேண்டிய பைதான், இன்னும் வேண்டிய சில்லறை சாமான் எல்லாத்தையும் ஒண்ணா ஒரு பொதியாக் கட்டிடறது. அது தன்னோட பைதானை வெச்சுண்டு தனியா ஓடும். பக்கத்துல இருக்கற பாஸ் சாஃப்ட்வேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

"நீங்க கட்டித் தருவீங்களா?"

கோவிந்த் பென் டிரைவை உருவி அவளிடம் கொடுத்தார்.

"ரெண்டு ஆள் வேலையை ஒத்தைக்குப் பாத்துண்டிருக்கேன் சுமா. சத்தியமா நேரமில்லை. ஆனா இது முழுக்க டைப் பண்ற வேலையாக்கும். கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்கணும், பதில் வரும், அவ்வளவுதான். மௌஸே வேண்டாம். எனக்குத் தோணறது, இது என்னைவிட உங்களுக்கு எளுப்பமா, சுலபமா வரும்."

மௌஸே வேண்டாம் என்ற சொல் சுமாவின் மனதில் நின்றது. இத்தனை வருடத்தில் எந்தக் கம்ப்யூட்டர் வேலையைக் கேட்டாலும், "அந்தப் பச்சைப் பட்டனை க்ளிக் பண்ணுங்க" என்ற இடத்தில்தான் அவள் நிற்க வேண்டி வந்தது.

மறுநாள் கோவிந்த் ஐ.டி. அறையில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பில் லினக்ஸ், திரையை வாசிக்கும் மென்பொருள், டாக்கர் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். கண்டெய்னர்களை ஓட்டுகிற மென்பொருளுக்குப் பெயர்தான் டாக்கர்.

மதியம் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சுமா முதல் கட்டளையை அடித்தாள்: டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்ட். "இமேஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று இங்கிலீஷில் பதில் வந்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து உடனே நிறுத்திவிட்டாள். மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் அதே பதிலில் நிறுத்தினாள்.

அடுத்த நாள் கோவிந்த் சிரித்தார். "அது தப்புன்னு சொல்லலை. இமேஜ்ங்கறது கண்டெய்னரோட அச்சு மாதிரி. அது இங்க இல்லை, வெளியில போய் எடுத்துண்டு வரேன்னு சொல்றது. நிறுத்தாம கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தபோது வேறு தொல்லை வந்தது. இமேஜ் இறங்கும் அளவைத் திரையில் கோடாக நீட்டி நீட்டிக் காட்டுவார்கள். கண்ணால் பார்க்கிறவருக்கு அது ஒரு கோடு. சுமாவின் காதில் அது எழுத்தும் எண்ணுமாக, நொடிக்கு நாலு முறை, மூச்சுவிடாமல் கொட்டியது. ராமாத்தாள் சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடி அது, ஏலம் போடுறான்?"

"கண்டெய்னர் எறங்குதும்மா."

"கண்டெய்னரா? வல்லார்பாடம் துறைமுகத்துக்கு லோரியில போகுமே, அதா?"

"அதில்லம்மா. இது கம்ப்யூட்டருக்குள்ள."

"கம்ப்யூட்டருக்குள்ள கண்டெய்னரு. சரி, மத்தி வறுத்தாச்சு. வந்து தின்னுட்டு எறக்கு."

அமைதியாக இறக்கு என்று சொல்ல ஒரு சின்ன எழுத்தைச் சேர்த்தால் போதும் என்று உதவிக் குறிப்பைப் பொறுமையாகக் கேட்டுக் கண்டுபிடித்தாள். இதைக் கோவிந்த் சொல்லித் தரவில்லை; அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. குறியீடுகள்தான் அவளை இரண்டு நாள் அலைக்கழித்தன. குரல் சொற்களை மட்டும் வாசிக்கும், நடுவில் இருக்கும் சிறு கோட்டையும் முக்காற்புள்ளியையும் விழுங்கிவிடும். ஒற்றைக் கோடா இரட்டைக் கோடா என்று தெரியாமல் அவள் அடித்ததெல்லாம் தவறாகப் போயிற்று. கடைசியில் எல்லாக் குறியையும் வாசிக்கும்படி மாற்றி வைத்தாள். கேட்க அலுப்பாக இருந்தது, ஆனால் கட்டளைகள் வேலை செய்தன.

ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னர்களின் பட்டியல் கேட்டால் ஏழு பத்தி அகலத்துக்கு வரும். அதில் பெயரையும் நிலையையும் மட்டும் சொல்லும்படி சுருக்கிக்கொண்டாள். ஏழே வரியில் ஒரு கோப்பு எழுதி, தன் புரோகிராமைப் பொதியாகக் கட்டினாள். முதல் தடவை அது ஓடி, "பெயர்?" என்று கேட்டபோது சுமா லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து, வாசலில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்ன விஷயம் என்று ராமாத்தாளுக்குப் புரியவில்லை. அவரும் சிரித்தார்.

அதன் பிறகு மூன்று வாரம், தினம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தன்யா பட்டியலை வாசிப்பாள், சுமா அதைப் போனில் பதிவு செய்துகொள்வாள், வீட்டுக்கு வந்து கேட்டுக் கேட்டு எண்களைத் தன் கண்டெய்னரில் ஏற்றுவாள். ஏற்றி முடித்ததும் பதிவை அழித்துவிடுவாள். போனில் இடம் குறைவு. ஆகஸ்ட் இருபதாம் தேதிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு எண்கள் ஏறியிருந்தன.

அன்று நல்ல மழை. எண்களை ஏற்றி முடித்துக் கண்டெய்னரை வழக்கம்போல் நிறுத்தினாள். நின்றுபோனவற்றையும் சேர்த்துப் பட்டியல் கேட்டபோது, பழகிய நாட்களில் ஓட்டிப் பார்த்து விட்டுவிட்ட பதினோரு கண்டெய்னர்கள் இன்னும் கிடப்பது தெரிந்தது. சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கும் ஒரு கட்டளை இருந்தது. "நின்றுபோன கண்டெய்னர்கள் அனைத்தும் நீக்கப்படும். தொடரலாமா?" என்று கேட்டது. தன்னுடையதற்குத் தான் பெயர் வைத்திருப்பதால் அதைத் தொடாது என்று சுமா நினைத்தாள். ஆமாம் என்று அழுத்தினாள்.

நீக்கிய ஒவ்வொரு கண்டெய்னரின் அடையாள எழுத்துகளையும் குரல் நீளமாக வாசித்தது. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு.

தன் கண்டெய்னரைப் பெயர் சொல்லி எழுப்பினாள். அப்படி ஒன்று இல்லை என்றது. இமேஜ் பத்திரமாக இருந்தது, அதிலிருந்து புதிதாக ஒன்றை ஓட்டினாள். "பெயர்?" என்று கேட்டது. டயாலிசிஸ் என்று அடித்தாள். ஒன்றும் இல்லை. பிரசவ வார்டு. ஒன்றும் இல்லை.

ராமாத்தாள் மழையில் நனைந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சுடி?"

"போச்சும்மா. எல்லாம் போச்சு. நானே அழிச்சேன்."

"அந்த நம்பரா?"

"இருநூத்திப் பன்னெண்டு."

ராமாத்தாள் துணியைக் கொடியில் போட்டுவிட்டு மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.  சுமா அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்து சாயா போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"எந்த நம்பர் மொதல்ல எழுதின?"

"கேஷுவாலிட்டி. நாலு, பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணு."

"பொறகு?"

"எக்ஸ்ரே. நாலு, பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு." சுமா நிறுத்தினாள். "பிளட் பேங்க், நாலு, பூஜ்யம், ஒண்ணு, ஆறு."

மூன்று வாரம் திரும்பத் திரும்பக் கேட்டதில் எண்கள் அவளுக்கே தெரியாமல் ஏறியிருந்தன. நூற்று எழுபது எண்களுக்கு மேல் அவள் நினைவிலிருந்து சொன்னாள். அடுத்த இரண்டு நாளும் தன்யா பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்ததில் நாலு மட்டும் தவறு. மறந்ததையும் பட்டியலில் மிச்சம் இருந்ததையும் தன்யா வாசித்துக் கொடுத்தாள்.

கோவிந்திடம் நடந்ததைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சத்தம் சுமாவுக்குக் கேட்டது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். என் தப்பு. இமேஜ் மாறாது, அதிலேருந்து எத்தனை கண்டெய்னர் வேணும்னாலும் ஓட்டலாம். ஆனா கண்டெய்னருக்குள்ள எழுதினது கண்டெய்னரோட போயிடும். போகக்கூடாதுன்னா வெளியில வால்யூம்னு தனியா ஒரு இடம் எடுத்து, அதுல எழுதச் சொல்லணும்."

"சாரமில்ல சார், போகட்டும். ஆமான்னு அழுத்தினது என் விரலுதானே."

அன்று மதியம் வால்யூம் ஒன்றை உருவாக்கி, கண்டெய்னரை அதோடு இணைத்து, ஐந்து எண்களை மட்டும் ஏற்றினாள். பிறகு அந்தக் கண்டெய்னரை வேண்டுமென்றே அழித்தாள்.  புதிதாக ஒன்றை ஓட்டி, கேஷுவாலிட்டி என்று அடித்தாள். நாலு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று என்று குரல் சொன்னது. இதையே நாலு தடவை செய்து பார்த்த பிறகுதான் மற்ற எண்களை ஏற்ற அவளுக்குத் துணிவு வந்தது. முடித்த அன்றே கோப்பின் ஒரு நகலைப் பென் டிரைவிலும் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தன்யாவும் பார்க்க வசதியாக, பிரவுசரிலும் தேடும்படி சுமா அதை மாற்றியிருந்தாள். கோவிந்த் கட்டளையை அடித்தார். ஓடவில்லை. மறுபடி அடித்தார். கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டார். அப்போதும் ஓடவில்லை. விசிட்டர் பாஸ் வாங்க ஆட்கள் காத்திருந்தார்கள், மேலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

"சார், ஒரு தடவை நான் கேட்டுக்கட்டா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வந்த பதில் முழுவதையும் முதலிலிருந்து வாசிக்க வைத்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று.

"கடைசி வரியில சொல்லுது சார். எட்டாயிரத்து எண்பதாம் போர்ட்டை, அந்த வாசலை, ஏற்கெனவே வேற யாரோ எடுத்தாச்சாம்."

கோவிந்த் குனிந்து பார்த்தார். "ஆமா. பாஸ் சாஃப்ட்வேர் அதுலதான் ஓடறது. இவ்வளவு நேரமா என் கண்ணுக்கு முன்னாடி இருக்கு, நான் வாசிக்கவே இல்லை. சிவப்பு எழுத்தைக் கண்டா வாசிக்கத் தோணறதில்லை, திரும்ப அடிக்கத்தான் தோணறது."

"எனக்குச் சிவப்பெல்லாம் இல்லையே சார். எல்லாம் ஒரே குரலுதான்."

கண்டெய்னரின் வெளிப்பக்கத்து போர்ட் எண்ணை எட்டாயிரத்துத் தொண்ணூறு என்று மாற்றி அவளே அடித்தாள். ஓடியது.

செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மேல், வெளி அழைப்புகளைவிட உள்ளிருந்து வந்த அழைப்புகள்தான் அதிகம். வார்டுகளில் இருந்தவர்களுக்கு வாட்ஸாப் படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்க்கப் பொறுமையில்லை. ஆப்பரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ் பிளட் பேங்க் எண்ணைக் கேட்டு முடிக்கும் முன்பே சுமா இணைத்துவிட்டாள். எட்டு மணி நேரத்தில் ஒரு அழைப்புகூடத் தவறான இடத்துக்குப் போகவில்லை.

வாரக் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. எண்களைத் தேடும் வசதியை ஐ.டி. பிரிவு உருவாக்கியிருக்கிறது, அனைவரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. கோவிந்த் மேலே ஏறி வந்து, தான் சுமாவின் பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் மேலாளர் அதை எடுத்துவிட்டதாகவும் சொன்னார். இந்த முறையும் அவரிடம் சாரமில்ல என்றுதான் சொன்னாள். தோப்பும்படி ஸ்டாப் வரும்வரை பஸ்ஸில் அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டில் அம்மாவிடம் சொன்னாள்.

"நான் கூட்டுற தெருவுல எம் பேரையா எழுதி வச்சிருக்கான்?" என்றார் ராமாத்தாள்.

"எழுதணும்மா. எழுதித்தான் வைக்கணும்."

 மகள் இப்படிப் பேசி ராமாத்தாள் கேட்டதில்லை.

இந்த வருடம் மார்ச்சில் கோவிந்த் வேறு வேலை கிடைத்து கோயம்புத்தூருக்குப் போனார். அதற்குள் சுமா டியூட்டி டாக்டர் பட்டியலுக்கு ஒன்றும், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் பட்டியலுக்கு ஒன்றும் என இன்னும் இரண்டு கண்டெய்னர்கள் ஓட்டியிருந்தாள். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, புது ஆள் வரும்வரை அந்த மூன்றையும் அப்படியே பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"பார்த்துக்கறேன் சார். ஒரு ஆர்டர் மட்டும் எழுத்துல வேணும்."

"இதுக்கெல்லாம் ஆர்டரா?"

"ஆமா சார்."

நாலு நாள் கழித்து ஒரு காகிதம் வந்தது. தன்யா வாசித்தாள். "ஐ.டி. பிரிவுக்கு உதவியாக" என்று இருந்தது. அந்தப் பிரிவில் அப்போது ஒருவரும் இல்லை. சுமா அதைத் திருப்பிக் கொண்டுபோய் மேலாளரின் மேஜையில் வைத்து, யாருக்கு உதவி என்று கேட்டாள். அவர் எரிச்சலோடு வாங்கி வைத்துக்கொண்டார். பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. வேலைக்கே ஆபத்து வருமோ என்றுகூட அவள் நினைத்தாள். தன்யா தைரியம் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் மின்னஞ்சல் வந்தது, அவளால் வாசிக்க முடிகிற எழுத்தில். மூன்று மென்பொருள்களின் முழுப் பராமரிப்பும் டெலிபோன் ஆப்பரேட்டர் பி. சுமாவின் பொறுப்பு, இதற்காக வாரத்தில் இரண்டு நாள் அவர் பத்து மணி முதல் இரண்டு மணி வரை ஐ.டி. அறையில் பணிபுரிவார். பதவியின் பெயர் மாறவில்லை. சுமா அதை மூன்று தடவை வாசிக்கவைத்துக் கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, மாற்று ஆப்பரேட்டரிடம் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு அவள் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள். அறையில் குளிர் அதிகம். கோவிந்த் உட்காரும் நாற்காலி அவளுக்கு மிக உயரமாக இருந்தது. அடியில் கைவிட்டுத் துழாவி, பிடியைக் கண்டுபிடித்து, அதைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.